தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தில் நான் நிறுத்திய இடம்

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம் என் மனைவி ஞானம்மாள் மாட்டுக் கொட்டகையில் விழுந்தாள். பால் கறந்துகொண்டிருந்தாள். சொம்பு உருண்ட சத்தம் கேட்டு ஓடினேன். வலது கையும் காலும் துவண்டு கிடந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தாள். வரவில்லை.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் தன் லோடு வண்டியை எடுத்தான். உத்திரமேரூர் வரை அதில் போனோம். அங்கிருந்து ஆம்புலன்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் பிழைத்தாள். பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனையில், ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் ஜெபம் பண்ணி ஒன்று எடுப்போம். அந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கு அந்த வீட்டுக்கு. ஞானம்மாள் எடுத்தது தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தில் ஒரு வசனம். கெடுதலும் நோயும் இந்த வீட்டை நெருங்காது என்று அதற்கு அர்த்தம். அதை வாசல் நிலையில் ஒட்டினாள். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் வேதத்தைத் திறந்தவன் இல்லை. மூன்றாவது வரை படித்தவன். வீட்டில் வாசிக்கிறவள் அவள். கேட்கிறவன் நான்.

அட்டை ஒட்டிய பசை காயவில்லை. அவள் விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தூக்கி வந்தபோது ஏகாம்பரம் வாசலில் நின்று அட்டையைப் பார்த்தான். அவன் வேறு சாமி கும்பிடுகிறவன். கெட்டவன் இல்லை.

“இன்னா மாமா, காவலுக்கு இத்த ஒட்டிகினு கீறீங்க. இத்தயும் தாண்டிக்கினா வந்துச்சி?”

நான் அவளை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தினேன். அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. மறுநாள் அட்டையைப் பிய்த்துக் கூரைச் சந்தில் செருகினேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். பாட்டு பாடவில்லை.

வீட்டில் எல்லாம் நின்றுபோனது. மாடுகூட என்னிடம் பாலை அடக்கிக்கொண்டது. அவள் பேசிக்கொண்டே கறப்பாள். மாட்டுக்கு அந்தக் குரல் வேண்டும். நான் பேசாமல் உட்கார்ந்து கறந்தால் உதைக்கும். பால் சொசைட்டிக்குப் பாதி கேனோடு போவேன். அடுப்பு பற்ற வைப்பேன். அவளுக்குக் கஞ்சி ஊட்டுவேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் மீதிக் கஞ்சியைக் குடிக்காமல் மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். சில நாள், இரண்டு பேரும் ஒன்றாகப் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

ஜெபம் ஒன்றே ஒன்றுதான் பண்ணினேன். ஆண்டவரே, அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை. ஒன்று போதும்.

மகள் எலிசா மானாம்பதியிலிருந்து காலையில் வந்து அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நைனா, டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? பேச்சு குடுக்கச் சொன்னாங்கல்ல? நீ செவுத்த பாத்துக்கினு குந்திகினு கீற.”

“இன்னாத்த பேசறது?”

“எதுனா பேசு.”

“மாடு தின்னுச்சி. மழை வர்ல. அவ்ளோதான் கீது.”

“நல்லா கீது உன் பேச்சு! இதக் கேட்டா நல்லா கீறவளும் படுத்துக்குவா. அம்மா பைபிள எடுத்து வெச்சிப் படி. அதுல நெறையப் பேச்சு கீது.”

எனக்குச் சொந்தப் பேச்சு இல்லை என்றுதான் வேதத்தை எடுத்தேன். விசுவாசத்தில் எடுக்கவில்லை.

பால் ஊற்றிவிட்டு வந்து, அவள் கட்டிலண்டை உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டுவேன். ஒரு வரிக்கு வெகுநேரம் ஆகும். மோசே தனக்குப் பேச வராது என்று ஆண்டவரிடமே சாக்குச் சொல்கிற இடம் வந்தது. ஞானம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பாதி வாயால் சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொரு நாள் எலியாவைப் பற்றி வாசித்தேன். அத்தனை பெரிய தீர்க்கதரிசி. செத்தால் போதும் என்று ஒரு செடியின் கீழே படுத்துவிடுகிறார். ஆண்டவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தூதன் வந்து எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறான். தின்றுவிட்டுத் திரும்பப் படுக்கிறார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். போக வேண்டிய தூரம் அதிகமாம். நான் புத்தகத்தை மூடிவிட்டுப் போய் மீதிக் கஞ்சியைக் குடித்தேன். அன்றிலிருந்து தொட்டியில் ஊற்றவில்லை.

இப்படி ஒவ்வொரு நாளும் அன்றைக்கு வேண்டியது கிடைத்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருநாள் பொறுமை. ஒருநாள் தூக்கம். அந்தச் சொற்களைக் கொட்டகையில் மாட்டிடம் சொல்லிக்கொண்டே கறந்தேன். உதைப்பது நின்றது.

நடவு முடிந்த சமயம் சங்கீதங்களுக்கு வந்தோம். வரிசையாகப் போனேன். தொண்ணூறு முடிந்தது. மறுநாள் தொண்ணூற்று இரண்டைத் திறந்தேன். அட்டையில் இருந்ததை என் வாயால் சொல்ல மனம் இல்லை.

ஞானம்மாள் இடது கையால் பக்கத்தைத் தட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மறுபடி தட்டினாள். இழுத்துப் பின்னால் திருப்பினாள். சங்கீதமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளை ஏமாற்ற முடியாது.

சரி என்று வாசித்தேன். அட்டையில் இருந்த வசனம் வந்தது. வாசித்தேன். புத்தகத்தை மூடினேன்.

“அவ்ளோதான்” என்றேன். “வராதுன்னு சொல்லிச்சி. வந்துச்சி. போதும்.”

அவள் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எதற்கோ மூச்சைக் கூட்டினாள். எனக்குப் பயமாகிவிட்டது.

“மே… மே…” என்றாள். பிறகு, “மேல.”

நான் அசையவில்லை.

“மேல… படி.”

புத்தகத்தைத் திறந்தேன். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. தேடி எடுத்து மீதியை வாசித்தேன். சில வரிகள்தான். அதில் ஆண்டவர் சொல்கிறார்: அவன் ஆபத்தில் கிடக்கும்போது நான் அவன் கூடவே இருப்பேன் என்று.

அதே சங்கீதம். அட்டையில் அந்த வரி இல்லை. துன்பமே கிட்ட வராது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். துன்பத்துக்குள்ளே அவர் வந்து இருக்கிறார் என்பது கீழே எழுதியிருந்தது. ஞானம்மாளுக்கு அது முன்பே தெரியும். எனக்குச் சொல்லத்தான் அவளுக்கு வாய் இல்லாமல் இருந்தது.

நான் அழுதேன். சத்தம் கேட்டு ஏகாம்பரம் ஓடி வந்தான்.

“அத்தைக்கு இன்னா ஆச்சி மாமா?”

“பேசிட்டாப்பா.”

“இன்னா பேசினாங்க?”

“என்னைப் படிக்கச் சொல்றா.”

“அது செரி. மொதல் வார்த்தையே வேலை வெச்சிட்டாங்க!” என்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

இன்றைக்கும் ஞானம்மாளுக்கு வலது கை வரவில்லை. கம்பு ஊன்றி நடக்கிறாள். சில சொற்கள் பேசுகிறாள். மாட்டைத் திட்ட அது போதும். கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் மாடு அவள் பக்கம் காதைத் திருப்புகிறது. எல்லாம் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டேன். இரண்டு தந்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

கூரைச் சந்திலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்து, பழைய இடத்திலேயே ஒட்டினேன். ஏகாம்பரம் மறுபடி கேட்டான். இந்தத் தடவை பதில் சொன்னேன்: “தாண்டித்தான் வந்துச்சிப்பா. ஆண்டவரும் கூடவே வந்து கீறாரு.”

இந்த வருஷப் பிறப்புக்கும் அட்டை எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அது எந்த அதிகாரம் என்று பார்த்து, முதலிலிருந்து கடைசி வரை நானே வாசித்தேன். அவள் கேட்டாள்.

சகோதரரே, சகோதரியே, என்னைவிட நீங்கள் நன்றாகப் படிப்பீர்கள். அட்டை எடுங்கள், ஒட்டுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். ஒருநாள் ஏதாவது ஒரு வசனத்தில் மனம் கசந்து புத்தகத்தை மூடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூடாதீர்கள். என் மனைவி எனக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மேலே படியுங்கள்.