மலைப்பாதையில் மாறிப்போன பக்கம்

போன வருடம் மே மாதம், என் கணவர் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த நேரம். எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். அவருக்குக் குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். எங்கள் மகள் எட்டாவது படிக்கிறாள். அப்பாவைப் போனில் பார்த்தே வளர்ந்த பிள்ளை.

அவருக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. மலைப்பாதையில் கார் ஓட்ட வேண்டுமாம். குவைத்தில் அவர் ஓட்டுகிற ரோடு வகிடு எடுத்த மாதிரி நேராகப் போகுமாம். இரண்டு பக்கமும் மணல்தான். ஸ்டியரிங்கைத் திருப்பவே வேலை இருக்காதாம். வேலை முடிந்து ரூமுக்கு வந்தால், யார் யாரோ மலையில் வளைந்து வளைந்து வண்டி ஓட்டுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டே தூங்குவாராம். எனக்கும் அனுப்புவார். நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். வீட்டில் தரையில் உட்கார்ந்து பார்க்கும்போதே எனக்குக் கால் கூசும்.

வந்த மறுவாரமே தேட ஆரம்பித்துவிட்டார். நம் மாவட்டத்தில் பேருக்கா பஞ்சம்? விராலிமலை, குடுமியான்மலை, நார்த்தாமலை என்று வரிசையாக மலைதான். ஆனால் எல்லாம் படியேறிச் சாமி கும்பிடுகிற மலை, இல்லாவிட்டால் மொட்டைப் பாறை. வண்டி வளைந்து ஏறுகிற மாதிரி ஒன்றுகூடக் கிடையாது. அது தெரிந்தும் பைக்கை எடுத்துக்கொண்டு நார்த்தாமலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ரயில்வே பாலந்தான் புள்ள நம்ம ஊர்லயே பெரிய ஏத்தம்” என்று சலித்துக்கொண்டார். அப்பாடா, ஆசை தீர்ந்தது என்று நினைத்தேன்.

எங்கே தீர்ந்தது? போனில் மேப்பைப் பெரிதாக்கி, ரோடு எங்கே சுருண்டு கிடக்கிறது என்று தேடுவதே வேலையாகிவிட்டது. ஒருநாள் சோற்றில் கையை வைத்தபடியே “கெடச்சிருச்சு!” என்று கத்தினார். திண்டுக்கல் பக்கத்தில் சிறுமலை. கொடைக்கானல் மாதிரிக் கூட்டம் இருக்காது, காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம் என்றார். மேப்பை என் முன்னால் நீட்டினார். ஜாங்கிரி பிழிந்து வைத்த மாதிரி இருந்தது ரோடு.

என் தம்பி திருக்கோகர்ணத்தில் இருக்கிறான். அவன் காரைத்தான் கேட்டு வாங்கினோம். வாங்கப் போன இடத்தில் ஒரு கூத்து. இவர் சாவியை வாங்கிக்கொண்டு கம்பீரமாகப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எதிரே ஸ்டியரிங் இல்லை என்று தெரிந்தது. குவைத்தில் எல்லாம் தலைகீழ் இல்லையா? ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும், வண்டி ரோட்டில் வலது பக்கமாகப் போகும். “மச்சான், அது அக்கா சீட்டு” என்று என் தம்பி சொன்னதும் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் திக்கென்றது.

புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் அந்தப் பயம் கூடிப்போனது. திரும்புகிற இடத்தில் எல்லாம் சிக்னல் விளக்குக்குப் பதில் வைப்பர் ஓடியது. மழையில்லாத கண்ணாடியை அது கரகரவென்று துடைக்கும், மகள் பின்சீட்டில் உருண்டு சிரிப்பாள். கியர் மாற்ற வேண்டுமென்றால் இவருடைய வலது கை போய்க் கதவில் இடிக்கும். அங்கே கியர் அந்தக் கைப்பக்கம். அதுவும் தானாக மாறுகிற கியர்.

“ஏங்க, இங்கனயே ஏதாச்சும் கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பிருவோமே” என்றேன்.

“இருவது வருசமா வண்டி ஓட்டுறவன்கிட்ட பேசுற பேச்சா இது? அரை மணி நேரத்துல கையி பழகிரும். நீ பேசாம வா.”

அதுவும் உண்மைதான். பொன்னமராவதி தாண்டி நத்தம் போவதற்குள் கை பழகிவிட்டது. வைப்பர் ஓடுவது நின்றது. எனக்குத்தான் மனசு பழகவில்லை. சிறுமலைப் பிரிவில் திரும்பி மலை எதிரே வந்ததும் ஊரில் இருக்கிற அத்தனை சாமியையும் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தேன்.

ஏறத் தொடங்கினோம். முதல் சில கொண்டை ஊசி வளைவுகளில் அவர் ஓட்டியதைக் குறை சொல்லக்கூடாது. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்து, “லெப்ட், லெப்ட்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பள்ளம் என் பக்கம் வந்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. குட்டையான தடுப்புச் சுவர், அதற்கு அப்புறம் வெறும் ஆகாசம், கீழே மரத்தின் தலைகள்.

“அங்கிட்டுத் தள்ளிப் போங்களேங்க.”

“அங்கிட்டுப் போனா எதுக்க வாரவன் எங்க போவான்? கண்ண மூடிக்க புள்ள.”

மூடினால் இன்னும் பயமாக இருந்தது. திறந்தே வைத்துக்கொண்டேன்.

பாதி மலை ஏறியிருப்போம். காற்று சில்லென்று மாறியது. கண்ணாடியை இறக்கிவிட்டோம். பச்சை வாசனை என்பார்களே, அது மூக்கில் ஏறியது. சுவர்மேல் ஒரு குரங்கு குட்டியை மடியில் போட்டுப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் போனை வெளியே நீட்டி வீடியோ எடுத்தாள். “அப்பா, நீங்க அனுப்புவீங்கள்ல, அதே மாதிரி இருக்குப்பா” என்றாள். அவருக்கு முகமெல்லாம் பல். ஒரு வளைவில் ஏறி, ஒடித்த ஸ்டியரிங்கை விட்டதும் அது தானாகவே சுழன்று திரும்ப, பாட்டு ஒன்றை முணுமுணுக்க ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் என்னை மொபெட்டில் வைத்து ஓட்டியபோது இருந்த முகம் அது. எத்தனை வருடமாயிற்று அந்த முகத்தைப் பார்த்து! கைப்பிடியைப் பிடித்திருந்த கையை முதல் தடவையாக எடுத்து மடியில் வைத்தேன்.

“லெப்ட், லெப்ட்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஒரு வலப்பக்க வளைவு. அழகாகத் திருப்பினார். திருப்பி வெளியே வந்தபோது மலைச்சுவர் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பள்ளம் என்னைவிட்டு ரொம்பத் தூரம் தள்ளிப் போயிருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் பயமே இல்லை. நாங்கள் ரோட்டின் வலது பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மேலேயிருந்து பஸ் இறங்கியது.

ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பஸ் அதன் பக்கத்தில் சரியாகத்தான் வந்தது. நாங்கள்தான் அதன் வழியில் நின்றோம். இவர் பதறிப்போய் வண்டியை ஒதுக்கினார். எங்கே ஒதுக்கினார் தெரியுமா? இன்னும் வலது பக்கம். குவைத்தில் அவர் கை படித்த பாடம் அது. பஸ்காரரும் எங்களுக்கு இடம் விட நினைத்து அதே மலைச்சுவரை ஒட்டிக்கொண்டு வந்தார். மகள் “அப்பா!” என்று அலறினாள். நான் முன்னால் இருந்த பலகையைப் படபடவென்று அடித்து, “இங்கிட்டு! இங்கிட்டு வாங்க!” என்று கத்தினேன். எந்தப் பள்ளத்தைப் பார்த்து அவ்வளவு நேரம் நடுங்கினேனோ, அந்தப் பக்கம் வரச்சொல்லித்தான் கத்தினேன்.

இரண்டு வண்டியும் நின்றன. எங்கள் முன்கண்ணாடி முழுக்கப் பஸ்ஸின் முகம். இரண்டுக்கும் நடுவே கையை நுழைக்க முடியாது. ரப்பர் தீய்ந்த நாற்றம் அடித்தது. பின்சீட்டிலிருந்து மகளின் கை என் தோளைப் பிடித்திருந்தது. அவள் விரல் பதிந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

பஸ் டிரைவர் குதித்து இறங்கி வந்தார். வாயில் வராத வார்த்தை இல்லை. “ஏய்யா, ரோடு ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா? முப்பது உசுரு இருக்குய்யா வண்டியில! குடிச்சிருக்கியா?” இவர் வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். கியரைத் தேடி அவருடைய வலது கை கதவில் போய்த் தட்டியது. மறுபடியும் தட்டியது. மறுபடியும் அங்கேயே தட்டியது.

திட்டிக்கொண்டிருந்த மனுஷர் அந்தக் கையைப் பார்த்தார். குரல் அப்படியே இறங்கிவிட்டது.

“கல்ஃபுல ஓட்டுறீங்களா?”

இவர் தலையை ஆட்டினார்.

“எறங்குங்கண்ணே. நான் எடுக்குறேன்.”

அவரே ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் விசில் அடித்து வழி சொல்ல, காரைப் பின்னால் கொண்டுபோய், வளைவில் இருந்த அகலமான இடத்தில் கீழ்ப்பக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்திக் கொடுத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்து ஏதேதோ சொன்னார்கள். ஒரு அம்மா என் மகளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு, “எங்க தெருவுலயும் ரெண்டு பேரு அங்கிட்டு ஓட்டுறாங்கண்ணே. லீவுல வந்தா கார் சாவிய அவங்க கண்ணுலயே காட்ட மாட்டோம்” என்றார். அப்புறம் என்னிடம், “நல்லா ஒக்காந்து மூச்சு விட்டுட்டு எறங்குங்கம்மா. ஒவ்வொரு வளைவுக்கும் ‘லெப்ட்’னு சத்தமாச் சொல்லிக்கிட்டே வாங்க. அவரு தன்னால சொல்லிக்குவாருன்னு விட்றாதீங்க” என்றார். பேர்கூடக் கேட்கவில்லை நான். கையெடுத்துக் கும்பிடத்தான் முடிந்தது.

பஸ் போன பிறகு தடுப்புச் சுவரில் உட்கார்ந்தோம். மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். “சரி விடுங்க, ஒண்ணும் ஆகலைல்ல” என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“எனக்கு இது ரெண்டாவது தடவ புள்ள.”

எனக்குப் புரியவில்லை.

“குவைத்துக்குப் போன புதுசுல. வெள்ளிக்கிழம காலையில ரோட்டுல ஈ காக்கா கிடையாது. மொதலாளி வீட்டம்மாவ எறக்கி விட்டுட்டுத் தனியாத் திரும்பினேன். நம்ம ஊரு நெனப்புல இடப்பக்கம் ஏறிட்டேன். எதுக்க லாரி வந்துச்சு. மணல்ல எறக்கினேன், வண்டி சாஞ்சிருச்சு. மணிக்கட்டு ஒடஞ்சிருச்சு, நெத்தியிலயும் அடி, கட்டுப் போட்டாங்க.”

அப்போதுதான் எனக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. நெட் சரியில்லை, கேமரா ரிப்பேர் என்று சொல்லி ஒரு மாதம் முகத்தையே காட்டாமல் பேசினாரே, அந்த நாட்கள். பிள்ளை அப்பாவைக் கேட்டு அழுகிறாள், உங்களுக்கு என்ன அப்படி வேலை என்று நான் போட்ட சண்டை கொஞ்சமா? அந்தப் பக்கம் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து, “நல்லாத்தான் இருக்கேன், நீ சாப்டியா?” என்று கேட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. “இத்தனை வருசமா என்கிட்ட மறைச்சிருக்கீங்களே!” என்று அவர் முதுகில் ஒன்று போட்டேன். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சொல்லி? நீ ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடப்ப.” அப்புறம் சொன்னார்: “லீவு முடிஞ்சு போற ஒவ்வொரு தடவையும் இப்பிடித்தான். மொத வாரம் பயந்துக்கிட்டேதான் ஓட்டுவேன். இங்க எத்தன நாளு ஓட்டுறனோ, அத்தனைக்கு அங்க போயி கையி இங்கிட்டே இழுக்கும்.”

லீவு எப்போது வரும் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, அந்த லீவே அவருக்கு இப்படி ஓர் ஆபத்தை மடியில் கட்டி அனுப்புகிறது என்று யார் கண்டார்கள்?

மலை இறங்கினோம். வளைவு வரும்போதெல்லாம் நானும் மகளும் சேர்ந்து “லெப்ட்!” என்று கத்தினோம். அவரும் கூடவே சொன்னார். அடிவாரம் வந்து, நத்தம் ரோடு நேராக விரிந்த பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அன்றைக்குப் பிறகு அந்த லீவு முழுக்க அவர் கையில் கார் சாவி என்ன, பைக் சாவிகூட நான் கொடுக்கவில்லை. கீரமங்கலம் கடைத்தெருவுக்கு என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துதான் வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். “பொண்டாட்டி வண்டியில ஊர்கோலமா?” என்று அவருடைய சேக்காளிகள் விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். காரணத்தை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

திருச்சி ஏர்போர்ட்டில் வழியனுப்பப் போனோம். சுற்றிலும் நின்ற பெண்கள் எல்லாம், போனதும் போன் பண்ணுங்க, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க, எங்களை மறந்துடாதீங்க என்று சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “ரைட்டுல போங்க, ரைட்டுல போங்க” என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

இப்போதும் தினமும் காலையில் அவர் வண்டி எடுக்கிற நேரத்துக்கு அதையே வாய்ஸ் மெசேஜில் அனுப்புகிறேன். கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாராம். அனுப்பிவிட்டு விளக்கேற்றி நிற்கும்போது என் வேண்டுதல் இதுதான்: வீட்டை விட்டுப் போன மனுஷர் ஊர் ஞாபகமாகவே இருக்க வேண்டும் என்றுதான் எல்லாப் பெண்களும் சாமியிடம் கேட்பார்கள், நானோ ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற நேரத்திலாவது அவர் எங்கள் ஊரைச் சுத்தமாக மறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.