சொல்லி அனுப்ப ஆளில்லாமல்

அறுபதுகளின் தொடக்கத்தில், பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் ஓய்வு பெற்ற தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களின் சங்கம் தொடங்கியது. அதற்குக் காரணம் ஒரு சாவு.

அப்பா கணக்கு வாத்தியார். அதே பள்ளியில் தாராவிக்காரர் ஒருவர் தமிழ் நடத்தினார். இருவரும் நல்ல சிநேகம். ஓய்வு பெற்றபின் சந்திப்பது குறைந்து, அப்புறம் நின்றே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அவனைப் பார்த்து நாளாச்சு, கூட வரயா?" என்றார் அப்பா. கண்புரையால் அவர் தனியாக வெளியே போவதில்லை. எனக்கு ஆபீஸ் விடுமுறை, கிளம்பினேன்.

விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்த அவர் மனைவி, அப்பாவைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவிய போன மாசமே போயிட்டாவளே, சார்வாள்."

அப்பா நின்றபடியே, "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமேம்மா" என்றார்.

"யாருட்ட சொல்லி விட? ஒங்க வீடு மாட்டுங்கான்னு மட்டுந்தான் தெரியும். ஸ்கூல்லேருந்து யாராச்சும் வருவாவன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ."

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா பழைய ஆசிரியர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் பழைய ஆசிரியர்களைத் தேடி அலைந்தோம். செம்பூர், சயான், அம்பர்நாத் வரைக்கும். சிலர் ஊருக்கே போய்விட்டிருந்தார்கள். அகப்பட்டவர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். பென்ஷனுக்கு மனு எழுதலாம், ஆண்டுவிழா நடத்தலாம் என்று பேச்சு ஓடியது.

"அதெல்லாம் அப்புறம். ஒருத்தர் படுத்தா மத்தவாளுக்குத் தெரியணும், போய்ப் பார்க்கணும். முதல்ல அதுக்கு வழி பண்ணுவோம்" என்றார் அப்பா.

தாராவி அம்மாளையும் அவர் வரவழைத்திருந்தார். சமையலறையில் என் அம்மாவோடு இருந்தவர் கூடத்துக்கு வந்து, கணவரின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னார். வாத்தியார்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை.

அந்த மழைக்காலத்தில், செம்பூரில் அப்பா பள்ளியின் பழைய தலைமையாசிரியர் படுக்கையில் விழுந்தார். ஆள் மாற்றி ஆள் போய் உட்கார்ந்தார்கள். பேப்பர் படித்துக் காட்டினார்கள். நிலைமை மோசம் என்று தெரிந்த அன்று, ரயில் நின்றுபோயும் அத்தனை பேரும் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். நானும் அப்பாவோடு போயிருந்தேன். தலைமையாசிரியர் கண் திறந்து சுற்றிலும் பார்த்தார்.

"எல்லாரும் இங்கே இருக்கேளே, இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?"

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "லீவு விட்டாச்சு சார்" என்றார்.

சாயங்காலம் அவர் காலமானார். மழை விட்டபிறகும் யாரும் எழுந்து போகவில்லை.