ஐஸ்மேல் வைத்த நாலணா

எனக்குக் காய்ச்சல் வந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் சித்தி கோழி வறுத்தாள். நல்லம்பள்ளியில் எங்கள் வீடு முழுக்க அந்த மணம். எனக்கு மட்டும் ரசஞ்சோறு. நான் அழுத அழுகையில் சித்தப்பா ஒரு கால் துண்டைத் தனியே எடுத்து, "இது பாப்பாவுது. யாராச்சும் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்று அறிவித்தார்.

மறுநாள் பென்னாகரத்தில் அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா. திரும்பிவர மூன்று நாளாகும். மீந்த கறியைச் சித்தப்பா தட்டில் பரப்பி, சூடு ஆறியவுடனே டப்பாவில் போட்டு, ஐஸ்பெட்டியில் ஐஸ் உறைகிற மேலறைக்குள் வைத்தார். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். கிளம்பும்போது அது கெட்டியாக உறைந்திருந்தது. அதன்மேல் ஒரு நாலணாவை வைத்து மூடினார்.

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைப்பாள். அதனால் நாலணா எதற்கென்று நான் கேட்கவே இல்லை. சித்தப்பாவுக்கு மஞ்சள் துணி அகப்படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பென்னாகரத்திலேயே காய்ச்சல் விட்டுவிட்டது. ஊர் திரும்பியதும் நேராக ஐஸ்பெட்டிக்குத்தான் ஓடினேன். கால் துண்டு கல்லாட்டம் பத்திரமாக இருந்தது. டம்ளரில் ஐஸ் இருந்தது, காசைத்தான் காணோம். சாமியே வந்து எடுத்துக்கொண்டதென்று எனக்கு மேல் சிலிர்த்தது. ஆனாலும் ஒரு காய்ச்சலுக்கு நாலணா சாமிக்குக் கட்டுப்படியாகுமா? அத்தை கொடுத்த ஒரு ரூபாயை ஐஸ்மேல் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சித்தப்பா வந்து எட்டிப் பார்த்தார். "காசு மேலயேதான் இருக்குது. கரண்டு போவல. சூடு பண்ணு புள்ள. எலும்போரமா ஆவி வரணும், ஆமா!" என்று சித்தியிடம் சொன்னார்.

வாணலியில் கறி சுருசுருத்தது. நான் தட்டோடு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். டம்ளரைக் கழுவ எடுத்த சித்தப்பா அப்படியே நின்றார்.

"நான் வெச்சது நாலணா. இது ஒத்த ரூவா. ஐஸ்பெட்டி வட்டி போட்டுக் குடுக்குதா?"

"அப்ப என் தோட்டையும் உள்ள வைங்க" என்றாள் சித்தி.

சித்தப்பா சிரிக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்துக் குழாயடியில் காட்டினார். ஐஸ்கட்டி வழுக்கி விழுந்தது. அதன் அடியில் நாலணா ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடுப்ப அணை! கரண்டு போயி, ஐஸெல்லாம் தண்ணியாயி, மறுக்கா ஒறஞ்சிருக்குது. அதான் காசு அடிக்குப் போயிருக்குது."

"மோந்து பாருங்க, நல்லாத்தானே இருக்குது? இன்னும் கொஞ்சம் சூடு பண்ணா சரியாப் போயிரும்."

"மூக்கு பொய் சொல்லும் புள்ள. எந்நேரம் கெடந்துச்சோ! கெட்டது சூடு பண்ணா நல்லதாயிருமா?"

பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, முந்தாநாள் காற்றில் கம்பி அறுந்து பொழுதன்னைக்கும் கரண்ட் இல்லை என்றார்கள். நாய்கூடத் தின்னக் கூடாதென்று சித்தப்பா கொல்லையில் குழி தோண்டிக் கறியைப் புதைத்தார். என் கால் துண்டும் மண்ணுக்குள் போயிற்று. தேம்பிக்கொண்டிருந்த என் கையில் ரூபாயைத் துடைத்து வைத்தார். "அழுவாத கண்ணு, புதுசா வறுத்துத் தரச் சொல்றேன்." காசை யார் வைத்தது என்று அவர் கேட்கவே இல்லை.

நான் அழுதது கறிக்காக மட்டும் இல்லை. சாமிக்குக் கொடுத்த காசைத் திருப்பி எடுத்துவிட்டாரே! மறுநாள் அந்த ரூபாயை மாரியம்மன் கோயில் உண்டியலில் போட்டேன். "சித்தப்பா தெரியாமச் செஞ்சிட்டாரு, அவரக் காப்பாத்து தாயே" என்று வேண்டிக்கொண்டேன்.

முந்தின நாள் யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பது அம்மனுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.