குலசாமி வழியாக ஒரு பசுமைச் சுற்றுலா

என் மகள் கோயம்புத்தூரில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். அந்தப் படிப்பில் சேர்ந்ததிலிருந்து எங்களோடு வெளியூர் வருவதென்றாலே அவளுக்கு முகம் சுருங்கிவிடும். போன கோடையில் ஏற்காட்டு வளைவு ஒன்றில், என் அக்கா வீட்டுக்காரர் ஓடும் காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை வெளியே வீசினார். அன்றைக்கே அவள் என்னிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு தடவ வரேம்ப்பா. போன எடத்துல நம்ம குப்ப ஒண்ணு கெடந்தாலும் சரி, அதுக்கப்புறம் என்னைக் கூப்புடாதீங்க."

படிப்பு முடிந்தால் வடக்கே எங்கேயோ வேலைக்குப் போய்விடுவாள். அதற்குள் எஞ்சியிருந்த அந்த ஒரு வாய்ப்பை நான் வீணாக்கிவிடக் கூடாது. அரூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிறருக்கு என்னென்ன ஆபத்து வரும் என்று யோசித்து யோசித்தே நரைத்த தலை. சரி, இதையும் முறையாகத் திட்டமிடுவோம் என்று இறங்கினேன்.

முதலில் வெளிநாடு. தர்மபுரியில் ஒரு டிராவல்ஸ்காரர் பசுமைச் சுற்றுலா என்று ஒரு தீவைக் காட்டினார். பெங்களூரில் விமானம் ஏறி, நடுவில் ஒரு நாட்டில் இறங்கி, இன்னொரு விமானம் மாறிப் போக வேண்டும். அங்கே மூங்கில் குழல் போட்ட இளநீர் தருவார்கள். கடைசி நாளில் நம் கையாலேயே ஒரு மரக்கன்று நட வைத்து, பெயர் அச்சடித்த சான்றிதழும் தருவார்கள். நான் உருகிப் போய் வீட்டில் சொன்னேன்.

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "போன வருசம் கார் நிறுத்தறதுக்குன்னு வாசல்ல இருந்த வேப்பமரத்த வெட்டுனீங்களே, அந்தக் குழி இன்னும் அப்படியேதாங்க இருக்குது. அங்க ஒண்ண நட்டா பாஸ்போர்ட்டு கேக்க மாட்டாங்க."

வெளிநாடு அத்தோடு முடிந்தது.

பிறகு உள்நாடு. சித்தேரி மலையில் ஒரு சூழல் குடில் இருப்பதாக போனில் கண்டுபிடித்தேன். மண் சுவர், கயிற்றுக் கட்டில், மண்ணெண்ணெய் விளக்கு, தொட்டியில் மொண்டு குளிக்கலாம், மின்விசிறி கிடையாது. இதே வசதிகள் கொண்ட வீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அந்த வீட்டை வைத்துக்கொண்டிருந்தவரை எனக்குப் பெண் தர ஆளில்லை. அதை இடித்து மாடி கட்டிய பிறகுதான் கல்யாணமே நடந்தது. இப்போது பெங்களூர் லாட்ஜைவிட அதிக வாடகைக்கு அதே வீடு. மூன்று பேருக்குப் பதிவு செய்தேன். மகள், "பரவால்லப்பா, தேறிட்டீங்க" என்றாள். அன்று அலுவலகத்தில் காரணமில்லாமல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்து அக்காவுக்குப் போன் செய்தேன். அக்காவிடம் சொல்லாமல் ஊருக்குக் கிளம்புவது எங்கள் குடும்பத்தில் வீட்டை விட்டு ஓடிப்போவதற்குச் சமம்.

"சித்தேரிக்கா? அடிவாரத்துலதானடா நம்ம குலசாமி! அதத் தாண்டிக்கிட்டுப் போவியா நீ?"

"அக்கா, இது வேற மாதிரி டூருக்கா."

"சாமிக்கு என்னடா வேற மாதிரி? கெடா வெட்டி எத்தன வருசமாச்சு? கும்புட்டுட்டு நீங்க மேல போங்க, நாங்க திரும்பிக்கறோம்."

எங்கள் கார் வேன் ஆனது. வேன் காலியாகத்தானே போகிறது என்று அக்காவின் சம்பந்தி வீடு ஏறியது. சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்து வீடு ஏறியது. அண்டா, கேஸ் சிலிண்டர், கழுத்தில் மாலையோடு கிடா என ஒவ்வொன்றாக ஏறின. மகள் இரண்டு காலிச் சாக்குகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாழையிலை மட்டுமாவது வாங்குங்கள் என்று கேட்டிருந்தாள். வந்ததோ வெள்ளிப் பளபளப்பு ஒட்டிய காகிதத் தட்டுகள்.

"எலை விக்கிற வெலைக்கு எங்கம்மா வாங்கறது?" என்றார் அக்கா வீட்டுக்காரர். "இதுவும் பேப்பர்தான். பேப்பரு மரத்துலருந்துதான வருது? பச்சைதான் இதுவும்."

மலையடிவாரத்தில் வறண்ட ஓடைக் கரையில் எங்கள் குலசாமி. கிடா வெட்டி, பொங்கல் வைத்து, வெயில் ஏறும் முன் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். மகள் சாக்கை விரித்துக்கொண்டு தட்டுகளைப் பொறுக்கக் குனிந்தாள். அக்கா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"கண்ணு, அதத் தொடாத. சாமி எடத்துல ஆக்குனது இங்கியேதான் தீரணும். சோறு, எலை எதுவும் வூட்டுக்கு வரக் கூடாது."

உண்மைதான், அது எங்கள் வழக்கம். இலையும் மண்சட்டியுமாக இருந்த காலத்தில் நல்ல வழக்கமும்கூட. மிச்சத்தைக் காக்கையும் மண்ணும் பார்த்துக்கொண்டன. இப்போது பிளாஸ்டிக் தம்ளர், மசாலா பாக்கெட், பாமாயில் கவர் எல்லாவற்றுக்கும் அந்தப் புனிதம் வந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரரான மாமா அனைத்தையும் வாரிக்கொண்டு போய் ஓடைக்குள் கொட்டினார். "தண்ணி வந்தா தானா அடிச்சிக்கிட்டுப் போயிரும்" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா சாமியைப் பார்த்தாள். நான் போய்ப் புளியமரத்தடியில் படுத்துவிட்டேன்.

கண்ணயர்ந்திருப்பேன். விழித்தபோது எங்களுக்கு மேலே வெயில், மலை உச்சியிலோ கறுத்த மேகம். மகளைக் காணவில்லை. "இங்கதான் எங்கியாவது இருப்பா, ஏன்டா பதர்ற?" என்றாள் அக்கா. அப்போது ஒரு சத்தம் கேட்டது. லாரி ஒன்று கற்களை உருட்டிக்கொண்டு வருவதுபோல. ஓடையில் செந்நிறத்தில் தண்ணீர் வந்தது. முன்னால் சருகு, சுள்ளி, அவற்றோடு எங்கள் தட்டுகள்.

ஓடையோரமாகக் கீழ்நோக்கி ஓடினேன். வளைவு தாண்டி, நடு ஓடையில் ஒரு பாறைமேல் நின்றுகொண்டிருந்தாள். காற்றில் பறந்த தட்டுகளைத் தேடி அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டிருந்தது. தோளில் சாக்கு.

"மூட்டைய வுட்டுரு கண்ணு! வுட்டுரு!"

தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று. நான் இறங்கப் போனேன். மாமாவும் டிரைவரும் என்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். என் பையில் காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி, பாம்புக்கடிக்கு அவசர எண், டார்ச் என எல்லாம் இருந்தன. கயிறு இல்லை. யாரோ ஓடிப்போய்க் கிடாவைக் கட்டியிருந்த கயிற்றைக் கொண்டுவந்தார்கள். அது ஆடு மேயும் அளவுக்குத்தான் இருந்தது. தண்ணீர் அவள் முழங்காலுக்கு ஏறியது. அக்கா மலையைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். "எம் புள்ளயக் குடுத்துரு சாமி! அடுத்த வருசம் ரெண்டு கெடா வெட்டறேன்!" ரெண்டு கிடாவுக்கு எத்தனை தட்டு ஆகும் என்று அந்த நேரத்தில் என் மூளை கணக்குப் போட்டது. மூளையை நம்பி எதுவும் செய்ய முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

காட்டோடை ஏறிய வேகத்திலேயே இறங்கும். இறங்கியது. மாமாவும் டிரைவரும் கைகோத்துக்கொண்டு உள்ளே போய் அவளைக் கரையேற்றினார்கள். சாக்கையும் சேர்த்துத்தான், அவள் அதை விடவில்லை. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முந்தானையால் தலை துவட்டினாள். வேனில் ஏறும்போது மெதுவாகச் சொன்னாள்:

"மூட்டைய மட்டும் இங்கியே வெச்சிரு கண்ணு."

"மூட்ட வரலன்னா நாங்களும் வரலக்கா" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

"டேய், வூட்டுக்குக் கொண்டுபோனா ஆவாதுடா."

"இங்க வுட்டது மட்டும் ஆச்சா?"

மனைவிதான் முதலில் வேனிலிருந்து இறங்கினாள். மூன்று பேரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, அரூர் பஸ்ஸைப் பிடித்தோம்.

"மூட்டையில என்னங்க?" என்றார் கண்டக்டர்.

"குப்பைங்க."

அவர் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் போடாமல் நகர்ந்தார்.

பஸ் கிளம்பியதும் குடில்காரரிடமிருந்து போன். "சார், மேல செம மழை. கிளைமேட் அருமையா இருக்குது. எத்தன மணிக்கு வர்றீங்க?" அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

மகள் ஜன்னலோரம் நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் அடிச்சிக்கிட்டுப் போயிருச்சுப்பா. எல்லாத்தையும் புடிக்க முடியல."

"அப்ப இனிமே எங்ககூட வர மாட்டியா கண்ணு?"

அவள் குனிந்து, தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். எப்போது பிடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"மொதல்ல கைய வுடுங்கப்பா. வலிக்குது."

அரூர் வரும்வரை நான் விடவில்லை.