95 ஒக்டேன் பெற்றோலும் நான் பிழையாக வாசித்த 16.2உம்

பெருமதிப்பிற்குரிய வாசகர்களுக்குப் பணிவான வணக்கம். ஞாயிறன்றே எழுதியிருக்க வேண்டிய பதிவைப் புதன்கிழமை எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். தவறை ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியத்தை அமைக்க எனக்கு மூன்று நாட்கள் சென்றன.

யாழ்ப்பாணப் பயணத்துக்கு மட்டும் 95 ஒக்டேன் பெற்றோல் அடிப்பது எங்கள் வெள்ளவத்தைக் குடும்பங்கள் சிலவற்றின் வழக்கம். மற்ற நாட்களில் 92 போதும். இரு வாரங்களுக்கு முன் அவ்வழக்கத்தோடு நானும் ஒரு விதியைச் சேர்த்து இங்கே எழுதினேன்: 95 அடித்தால், கார்பரேட்டரில் பெற்றோல் பாயும் துளையான ஜெட்டைச் சிறியதாகப் பூட்டிப் பெற்றோலைக் குறைக்கலாம்; புகைக்குழாயில் பூட்டிய கலவை மீட்டர் 16 காட்டினாலும் அஞ்ச வேண்டாம். (ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பதே அந்த எண். 14.7 சமநிலை, அதற்கு மேல் கலவை மெலிவு.) நூல்களைக் கொண்டு தானே கற்றவள் என்ற பெருமை எனக்குண்டு. அந்த விதி எந்த நூலிலும் இல்லை. என் ஊகம்.

பயணத்துக்கு முன், 95உம் சிறிய ஜெட்டுமாக என் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டவென ஞாயிறு காலை 6.40க்குக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். 11 கிலோமீற்றர். பம்பலப்பிட்டி வரை 14.7. காலிமுகத்திடலில் வீதி வெறுமையாயிருக்க, முழுவதும் மிதித்தேன்: 16.2. மகிழ்ந்தேன். கோட்டையைக் கடக்கையில் என்ஜின் உதறியது. மீட்டர் 18க்கு ஏறியது. மீட்டர்தான் பழுது என்று எண்ணினேன்.

7.25க்குச் சேர்ந்தேன். மெக்கானிக் சேவியர், பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடே, ஓடும் என்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றியபோது என்ஜின் சத்தம் மாறவேயில்லை.

"மூணாவது சிலிண்டர் செத்துப்போச்சு, மிஸ்."

"மீட்டர் 18 காட்டினதே, அண்ணை?"

"எரியாத காத்து அப்படியே வெளிய வருது. மீட்டர் பொகையில இருக்கிற ஒக்சிஜனத்தான் பாக்கும். நீங்க 92 அடிச்சீங்களா 95 அடிச்சீங்களான்னு அதுக்கு என்ன தெரியும்?"

"95 மெலிஞ்ச கலவையைத் தாங்கும் எண்டெல்லோ நினைச்சனான்."

"நொக் அடிக்காம, உள்ள டக்டக்குன்னு தட்டாம தாங்கும். சூட்ட தாங்க வேண்டியது வால்வு, மிஸ்." சிரித்தார். "நீங்க நல்லா படிச்சிருக்கீங்க. என்ஜின்தான் படிக்கல."

வால்வு கருகியிருந்தது. திருத்தச் செலவு 48,000 ரூபாய். முச்சக்கரவண்டியில் திரும்ப 1,350.

அதுவன்று என் துயரம். சென்ற பதிவின் கீழ் நிமலன் என்ற வாசகர் எழுதியிருந்தார்: "அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி சின்ன ஜெட் போட்டிட்டன். 16.4 காட்டுது. வாற வெள்ளி விடிய பிள்ளையளோட யாழ்ப்பாணம் வெளிக்கிடுறம்." அந்த வெள்ளி நாளை மறுநாள். நான் "மிகச் சிறப்பு" என்று பதிலளித்திருந்தேன். ஞாயிறு முதல் நான்கு முறை எழுதிவிட்டேன், மறுமொழி இல்லை. அவருடைய தொலைபேசி எண்ணும் என்னிடமில்லை. ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மதவாச்சிக்கு அப்பால் வண்டி நின்றால் அந்த வெயிலில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு மேல் என்னால் எதையும் சிந்திக்க இயலவில்லை.

பயணம் செய்வோர் பழைய ஜெட்டையே பூட்டுக. 92, 95 இரண்டுக்கும் மீட்டர் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். எதை அடிப்பதென்பதை வண்டியின் கையேடு சொல்லும். வண்டி பாரமிழுக்கும்போது 13ஐ அண்மித்திருத்தல் வேண்டும். இதையும் நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாமல், ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிமலன், வண்டியை எடுக்க வேண்டாம். இதை வாசித்ததும் ஒரு வரி பதில் எழுதுங்கள்.