அப்பாவின் கிண்ணத்தில் இருந்தது வெண்காரம்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்றைய பூசையில் கலந்துகொண்டு, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதும் பொறுப்பை அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். “நீதான டீச்சரு, எழுது” என்றார். எழுத உட்கார்ந்து நான்கு நாளாயிற்று. உட்கார்ந்த பிறகுதான் அப்பாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்பதிலேயே குழப்பம் வந்தது. குழப்பத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது ராயப்பன்பட்டியில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். இருந்த நிலம் அரை வயிற்றுக் கஞ்சிக்கும் போதாது. மீசை முளைக்கும் முன்பே குமுளிக்குப் போய், ஒரு மலையாள மேஸ்திரியிடம் கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டார்கள். கூலி கிடையாது, சோறு மட்டும். அதிலும் மேஸ்திரி கோபமாக இருந்தால் சோறும் கிடையாதாம். கல்யாணமான பிறகு கூடலூர் மெயின் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை ஆரம்பித்தார்கள். பின்னாலேயே வீடு. மலையேறும் ஜீப்புகள் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். உடைந்த பெடல், விரிசல் விட்ட பிராக்கெட், ஓட்டை விழுந்த சைலன்ஸர் எதுவானாலும் அப்பாவிடம்தான் வரும்.

அந்த வேலைக்கு உயிர் வெண்காரம். கம்பத்து நாட்டு மருந்துக் கடையில் கட்டியாக வாங்கி வருவார்கள். அம்மா அதை இரும்புச் சட்டியில் போட்டுப் பொரிப்பார்கள். நீர் விட்டுப் பொங்கி, உப்பி, பிறகு காய்ந்து நொறுங்கும். அதைப் பொடித்துச் சலித்தால் வெள்ளை வெளேரென்று மாவாகிவிடும். சூடான பித்தளைக் கம்பியின் நுனியை அந்தப் பொடியில் தொட்டு எடுத்துத் தீயில் காட்டினால்தான் பித்தளை தண்ணீராக ஓடி இரும்பைப் பிடிக்கும். பட்டறைக்குப் பாதி என்றால் வீட்டுக்குப் பாதி. அப்பாவின் வெள்ளை வேட்டி அலச அதுதான். சீனியில் கலந்து எறும்புக்கு வைப்பதும் அதுதான். அண்ணன் கேரம் போர்டில் தூவியதும் அதுதான். எனக்கு வாய்ப்புண் வந்தபோது தேனில் குழைத்து நாக்கில் தடவியதும் அதேதான். இன்றைய டாக்டர்கள் கேட்டால் அம்மாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். “நம்ம சர்ச்சு ஆளு, கூடலூர்ல பூசாரி வேலை பாக்குறாராம்ல” என்று ராயப்பன்பட்டியிலேயே சிலர் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு விபூதிப் புதனன்று அப்பா ராயப்பன்பட்டியில் பூசை கண்டுவிட்டு, பங்குச் சாமியார் நெற்றியில் போட்ட சாம்பல் சிலுவையோடு பஸ் ஏறி, நேரே பட்டறைக்கு வந்து வேலையில் குனிந்துவிட்டார்கள். வேர்வையில் அந்தச் சாம்பல், சிலுவையா பட்டையா என்று தெரியாமல் கலைந்திருந்தது. கோம்பைக்காரரான ஒரு ஜீப் டிரைவர் அப்போது வந்தார். அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். மேசையில் பித்தளைக் கிண்ணம் நிறைய வெள்ளைப் பொடி இருப்பதையும் பார்த்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு தீயைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைத் தொந்தரவு செய்யாமல், திருநீறு என்று நினைத்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மலை வளைவில் அவருடைய ஜீப் வழுக்கிப் போய்க் பள்ளத்தில் விழாமல் கட்டைச் சுவரை ஒட்டி நின்றிருக்கிறது. மறுநாள் பட்டறைக்குப் பக்கத்து ஜீப் ஸ்டாண்டு முழுக்க அதே பேச்சு. “வேதக்காரரா இருந்தும் நமக்காகத் துன்னூறு வச்சிருக்காக பாருங்கப்பா!”

அதற்குப் பிறகு சிட்டிகை எடுக்காமல் மலையேறும் டிரைவர்கள் குறைவு. அப்பா என்ன செய்தார்கள்? அதுதான் எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தபோதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுப்பார்கள், பிறகு மென்று விழுங்கிவிட்டுக் கம்பியைக் கையில் எடுப்பார்கள். சிரித்தார்களா, சங்கடப்பட்டார்களா என்பதும் சொல்ல முடியவில்லை. அந்த முகம் எப்போதுமே தீக்குப் பக்கத்தில் சுருங்கிய முகம்.

அம்மாவுக்கு அது தாங்கவில்லை. “இது ஊரை ஏமாத்துறது இல்லையா? இவுகளுக்கு அது சாமி காரியம். நம்மளுக்குப் பாவம்” என்பார்கள். கிண்ணத்தை எடுத்து அடுப்படியில் ஒளித்தார்கள். டிரைவர்கள் அடுப்படி வாசலுக்கே வந்து நின்றார்கள். ஒருநாள் அம்மா அந்தப் பொடியைச் சுவரோரம் எறும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கோம்பை டிரைவர் அண்ணன் பார்த்துவிட்டார்.

“மதினி! துன்னூறப் போயி எறும்புக்குப் போடுறீகளே!”

இரண்டு நாள் கழித்து எறும்பு ஒன்றுகூட இல்லை என்றதும், அதுவும் நீற்றின் மகிமை என்று ஸ்டாண்டில் பரவிவிட்டது. அன்றைக்குத் தானே ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டால் என்மேல் எரிந்து விழுவார்கள்.

போன வருடம், பட்டறையில் வேலையாக இருக்கும்போதே அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கோம்பை அண்ணன்தான் தன் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு கம்பத்துக்குப் பறந்தார். ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே அப்பாவின் உயிர் பிரிந்துவிட்டது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும் முன் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை. அழுது ஓய்ந்த பிறகு அம்மா கேட்ட முதல் கேள்வி, “அந்தப் பொய்யோடயே போயிட்டாகளா?” என்பதுதான். ஒரு வருடமாக அந்தக் கேள்வியே அம்மாவைத் தின்றுகொண்டிருந்தது. பங்குச் சாமியார் எவ்வளவோ ஆறுதல் சொன்னார். சாமியார் போனதும் அம்மா மறுபடி அதே கேள்வியைக் கேட்பார்கள். சாப்பாடு பாதியானது. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பாமீதா, டிரைவர்கள்மீதா, அந்த வெண்காரத்தின்மீதா என்றுதான் தெரியவில்லை.

இந்த மலருக்காக நான்கு வார்த்தை கேட்கலாமென்று போன வாரம் கோம்பை அண்ணனை வீட்டுக்கு வரச் சொன்னேன். அம்மா உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

“அண்ணே, அந்தக் கிண்ணத்துல இருந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஏன் தெரியாம? வெண்காரம்னு உங்கப்பா சொன்னாகளே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்ப?”

“எத்தனையோ வாட்டி, தாயி. ஒருநா, மதினி சந்தைக்குப் போயிருந்த நேரம், பிரேக்கு பெடல்ல விரிசல். ஒரு ட்ரிப்பு போயிட்டு வந்து பாப்போம்னு நெத்தியில பூசிக்கிட்டு ஏறி உக்காந்துட்டேன். சாவியப் புடுங்கிட்டாக. ‘ஏலே, நீ பூசுனது துன்னூறு இல்ல, வெண்காரம். அது பித்தளையத்தான் ஒட்ட வைக்கும், ஒன் உசுர ஒட்ட வைக்காது. எறங்குலே’ன்னு சத்தம் போட்டாக. ஸ்டாண்டே கேட்டுச்சு.”

“பிறகும் ஏன் பூசுனீக?”

“நாங்க எங்கன நம்புனோம்? சர்ச்சுல வைவாகன்னு பயந்துக்கிட்டுச் சொல்றாகன்னு நெனச்சோம். பெடலுக்கு வெல்டிங் வச்சுக் குடுத்ததும் நான் மறுபடி ஒரு சிட்டிக எடுத்தேன். தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டாக.”

அம்மா கீரைத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

“சொல்லிட்டாகளா?” என்றார்கள்.

“சொன்னாக, மதினி.”

“அவுக வாயால?”

“அவுக வாயாலதான்.”

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, “எங்கிட்ட மட்டும் ஏண்டி சொல்லல?” என்றார்கள். அம்மாவே பதிலும் சொன்னார்கள். “நாந்தான், இனிமே அந்தத் துன்னூறு பேச்சை எடுத்தா எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னேன். அதான் எடுக்கல.” சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார்கள். துக்கமா, நிம்மதியா என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அம்மா வயிறாரச் சாப்பிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

அப்பாவின் உடலைக் கூடலூரிலிருந்து ராயப்பன்பட்டிக் கல்லறைத் தோட்டம்வரை கொண்டு சேர்த்த ஜீப் ஸ்டாண்டு அண்ணன்மார்களுக்கும், பலமுறை வந்து ஆறுதல் சொன்ன பங்குச் சாமியாருக்கும், காரியத்துக்கும் இன்றைய பூசைக்கும் கைகொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூடவே உங்களிடம் ஓர் உதவியும் கேட்கிறேன். அது வெண்காரம் என்று அப்பா உங்களில் வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால், போவதற்கு முன் அம்மாவிடம் ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள். கோம்பை அண்ணன் இதுவரை ஆறு முறை சொல்லிவிட்டார். அம்மா ஒவ்வொரு முறையும், “சொல்லிட்டாகளா?” என்றுதான் கேட்கிறார்கள்.