ஒரே ஒரு 'நோ'

அமெரிக்காவில், பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மென்டுக்குக் கீழே ஐரிஷ் அம்மா ஒருவர் தனியாக இருந்தார். ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். எண்பத்தைந்து வயது, இடுப்பு உடைந்த உடம்பு. அரசாங்க உதவியில் வந்துபோகும் நர்ஸ்தான் குளிப்பாட்டிவிடுவாள். சிட்டிசன் இல்லாதவர்களுக்கு அந்த உதவியை நிறுத்தப் போகிறார்கள் என்று தொண்ணூற்றேழில் எங்கே பார்த்தாலும் பேச்சு. ஆன்ட்டியோ ஐம்பது வருடமாக க்ரீன் கார்டிலேயே காலம் தள்ளியவர்.

காரணம், சிட்டிசன்ஷிப்புக்குப் போனால் கேட்கும் ஒரு கேள்வி: எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தீர்களா? இளவயதில் டப்ளினில் அவரும் தங்கையும் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர்கள். பகலில் பிஸ்கட் ஃபாக்டரி, சாயங்காலம் தெருமுனைக் கூட்டம். பாதிரியார் பூசையிலேயே இவர்களைத் திட்டினாராம். தங்கை ஸ்பெயின் சண்டைக்குக் கட்சி ஆட்களோடு நர்ஸாகப் போனவள், திரும்பவே இல்லை. அமெரிக்காவுக்கு வந்தபோது, கட்சியெல்லாம் எனக்குத் தெரியாது என்று ஆன்ட்டி சொல்லிவிட்டார். மறுபடி கேட்பார்களே என்ற பயத்தில் சிட்டிசன்ஷிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"இதுல என்ன இருக்கு? எது கேட்டாலும் நோ சொல்லச் சொல்லு. நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் க்ளியர் பண்றாங்க," என்றார் என் கணவர். அப்ளை பண்ணிக் கொடுத்ததும் அவர்தான். நானும் தினமும் போய் உட்கார்ந்து, நோ, நோ என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுத்தேன். ஆன்ட்டியும் தலையாட்டினார்.

காது மந்தம் என்பதால் இன்டர்வியூவில் பக்கத்தில் உட்கார என்னை விட்டார்கள். அதிகாரி கேட்பதை நான் ஆன்ட்டி காதில் கத்த வேண்டும். அந்தக் கேள்வியும் வந்தது. கத்தினேன்.

"ஆமா," என்றார் ஆன்ட்டி.

அதிகாரி நல்ல மனுஷன். "அவங்களுக்குச் சரியா கேக்கலபோல. திரும்பக் கேளுங்க," என்றார். ஆன்ட்டியின் கையை இறுக்கிப் பிடித்து, கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு மறுபடி கத்தினேன்.

"கத்தாதேம்மா, கேக்குது. ஆமா. நானும் இருந்தேன், என் தங்கச்சியும் இருந்தா."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

காரில் ஏறியதும் எனக்கு வந்த ஆத்திரம்! "உங்களுக்கென்ன பைத்தியமா ஆன்ட்டி? ஒரே ஒரு நோ! இனிமே யாரு வந்து உங்களைக் குளிப்பாட்டுவா?"

ஆன்ட்டி அழுதுவிட்டார். "இங்க வந்தப்போ ஒரு தடவை நோ சொன்னேனே, அது போதாதா? அப்படி ஒரு தங்கச்சி இருந்தான்னு அம்பது வருஷமா யார்கிட்டயும் வாயைத் திறக்க முடியல. இன்னொரு தடவை என்னால முடியாதும்மா."

அன்று வரும்போது பொய் சொன்னார் என்று மனு தள்ளுபடியானது. நர்ஸும் நின்றுபோனாள். முடிந்த நாளெல்லாம் நான்தான் குளிப்பாட்டினேன். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தங்கையைப் பற்றியே பேசுவார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். கையெல்லாம் சோப்பு, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது.